பங்கு பிரிப்பவர் கடைசியில் எடுக்கட்டும்

சென்ற சனிக்கிழமை இரவு, உணவு முடிந்து முற்றத்தில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்த வேளையில், ரொறன்ரோவிலிருந்து நமது தமக்கையாரின் மகன் தொலைபேசியில் அழைத்தான். சுகம் விசாரித்து, உடுப்பிட்டியில் மழை பெய்ததா என விசாரித்து, முருங்கை காய்த்ததா எனவும் விசாரித்து முடித்த பின்னர் அவன் குரல் சற்றே மாறிற்று.

"மாமா, நீங்கள் பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறனீங்கள். ஒரு கேள்வி. இரண்டு அணியும் நாற்பத்து நாலு ஆட்டம் வெண்டிருக்கு. ஒண்டு மேலை போகுது, மற்றது வீட்டை போகுது. இது ஞாயமோ?"

அவன் வினவியது பனிக்கட்டித் தளத்தில் ஆடப்படும் ஹொக்கி ஆட்டத்தைப் பற்றி. அவனுக்கும் அவனுடைய வேலைத்தல நண்பர் ஒருவருக்கும் இடையே 2018ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வழக்கு, காணி வழக்குப் போல இன்றுவரை தவணை போட்டுத் தவணை போட்டு நடைபெறுகின்றதாம். தீர்ப்புக் கூறும் பொறுப்பை இப்போது நம் தலையிற் சுமத்தினான்.

வாசகர்களிற் பலர் பனிக்கட்டியை மீன் பெட்டியிலும் ஐஸ்பழக்காரரின் வண்டியிலும் மட்டுமே கண்டவர்கள், நாமும் அவ்வாறே. ஆயினும் கணக்கு எங்கும் கணக்கே ஆதலின், அவன் கூறிய விவரங்களைக் கேட்டறிந்தோம். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் 2017-18 பருவத்தில் 31 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். முடிவில் 16 அணிகளே கிண்ணத்துக்கான அடுத்த கட்டத்துக்குச் செல்லலாம். கிழக்குப் பகுதியில் எஞ்சியிருந்த கடைசி இடத்துக்கு நியூ ஜேர்சி டெவில்ஸ், புளோரிடா பாந்தர்ஸ் என்னும் இரு அணிகள் முட்டிமோதின. இரண்டும் 44 ஆட்டங்களில் வென்றிருந்தன. இரண்டும் 38 ஆட்டங்களில் தோற்றிருந்தன. ஆயினும் நியூ ஜேர்சிக்கு 97 புள்ளிகள், புளோரிடாவுக்கு 96. முன்னது உள்ளே சென்றது, பின்னது வெளியே நின்றது.

இதன் இரகசியம் யாதெனின், அங்கே தோல்வியில் இரு சாதிகள் உண்டு. வென்றவர்க்கு 2 புள்ளிகள். உரிய நேரத்துக்குள் தோற்றவர்க்கு ஒன்றுமில்லை. ஆனால் உரிய நேர முடிவில் இரு சாராரும் சமநிலையில் நின்று, மேலதிக நேரத்தில் ஒருவர் தோற்றால், அவருக்கு ஆறுதலாக 1 புள்ளி கொடுக்கப்படும். 1999-2000 பருவம் முதல் இவ்வழக்கம் நடைமுறையில் உள்ளது. நியூ ஜேர்சி அவ்வாறு ஒன்பது தடவை தோற்றது. புளோரிடா எட்டுத் தடவை. அந்த ஓர் ஆறுதற் புள்ளியே ஒருவரை உள்ளே தள்ளி மற்றவரை வெளியே நிறுத்திற்று.

கூட்டுறவுச் சங்கக் கடையில் இரு குடும்பங்களுக்கு ஒரு நாள் இரண்டு கொத்து அரிசியும் மற்றொரு நாள் மூன்று கொத்து அரிசியும் பங்கிடப்படுமாயின், நம் இல்லத்தரசிகள் சும்மா இருப்பார்களா? அந்த லீக்கில் நடப்பது அதுவே. சில ஆட்டங்களில் பங்கிடப்படுவன 2 புள்ளிகள், சிலவற்றில் 3. ஆட்டம் முடியும் தறுவாயில் இரு அணிகளும் சமநிலையில் நிற்குமாயின், துணிந்து தாக்குவதிலும் பார்க்கப் பொறுத்திருப்பதே இருவர்க்கும் இலாபம். ஆட்டக்காரரைச் சோம்பியிருக்கத் தூண்டும் விதி நல்ல விதியாகாது.

இருப்பினும், அதனை அநீதி என்று கூற நம் மனம் ஒப்பவில்லை. "தம்பி, அது கோணலான விதிதான். ஆனால் முதல் ஆட்டத்துக்கு முன்னரே இரு அணிகளுக்கும் அது தெரியும். இருவருக்கும் ஒரே அளவுகோல். அளவுகோல் வளைந்திருக்கலாம், ஒருவரைக் குறிவைத்து வளைக்கப்படவில்லை" என்றோம்.

அவன் சிரித்தான். "எங்கடை ஆக்களுக்கு நடந்தால் இப்பிடிச் சொல்லமாட்டியள், மாமா" என்று கூறி வைத்துவிட்டான்.

அச்சொல் நம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை. ஏனெனில், நம்மவர்க்கு அது நடந்தேயிருக்கின்றது. ஆனால் நமக்குச் சாதகமாக நடந்தமையால் நாம் அதனைக் கண்டுகொள்ளவில்லை.

2020ஆம் ஆண்டின் இறுதியில் நடைபெற்ற முதலாவது லங்கா பிரீமியர் லீக் துடுப்பாட்டச் சுற்றுப்போட்டியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொள்ளைநோய்க் காலம். ஆட்டங்கள் யாவும் அம்பாந்தோட்டைப் பகுதியின் சூரியவெவ மைதானத்தில், பார்வையாளர் எவருமின்றி நடைபெற்றன. ஐந்து அணிகள், ஒவ்வோர் அணியும் மற்றைய நான்கையும் இவ்விரு தடவை சந்தித்தது. ஆக 20 ஆட்டங்கள். அந்த இருபது ஆட்டங்களும் எதற்காக? ஐந்து அணிகளுள் ஒன்றே ஒன்றை வீட்டுக்கு அனுப்புவதற்காக. எஞ்சிய நான்கும் அரையிறுதிக்குச் சென்றன.

கொழும்பு கிங்ஸ் அணி 8 ஆட்டங்களில் 6 இல் வென்று முதலிடம் பெற்றது. காலி கிளாடியேட்டர்ஸ் அணி 8 இல் 2 மட்டுமே வென்றது. கண்டி அணியும் அவ்வாறே. நிகர ஓட்ட விகிதம் என்னும் நூலிழையால் காலி நான்காமிடம் பெற்றது. அரையிறுதியில் அந்தக் காலி, முதலிடத்துக் கொழும்பை 2 விக்கெட்டுகளால் வென்றுவிட்டது. உழைத்துச் சேர்த்த பெருமை ஒரே ஆட்டத்தில் கரைந்தது. மறுபுறத்தில், மூன்றாமிடத்தில் நின்ற நமது ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் இரண்டாமிடத்துத் தம்புள்ளையை வென்று, டிசம்பர் 16ஆம் நாள் இறுதியாட்டத்தில் காலியை 53 ஓட்டங்களால் வீழ்த்திக் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அந்தத் தொடரிலேதான் யாழ். மத்திய கல்லூரியின் மைந்தனாகிய விஜயகாந்த் வியாஸ்காந்த் முதன்முதலாக அவ்வணிக்காகப் பந்துவீசினார். நம் மண்ணின் பிள்ளையொன்று அந்த அரங்கில் நிற்பதைக் கண்டு கண்ணீர் மல்காதவர் யார்? இறுதியாட்டத்தன்று நம் ஒழுங்கையில் வெடி கொளுத்தினார்கள். நாமும் வயதை மறந்து இரண்டு வெடி கொளுத்தினோம். உள்ளே வந்தபோது நம் இல்லாள் தேநீர்க் கோப்பையை நீட்டியவாறு கேட்டார்:

"இஞ்சருங்கோ, எட்டிலை ஆறு வெண்ட கொழும்புக்காரருக்கு நடந்தது எங்களுக்கு நடந்திருந்தால், நீங்கள் பேப்பரிலை எத்தினை கிழமைக்கு எழுதியிருப்பியள்?"

அன்று அதனை வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். இன்று எண்ணுகையில் அது வேடிக்கையன்று. நமக்கு இலாபம் தரும் விதியை நாம் 'ஆட்டத்தின் சுவை' என்கின்றோம். நமக்கு நட்டம் தரும் அதே விதியை 'அநியாயம்' என்கின்றோம்.

பின்வந்த தொடர்களில் அந்த அமைப்புத் திருத்தப்பட்டது. முதலிரு இடங்களைப் பெற்ற அணிகள் ஒன்றையொன்று சந்திக்கும். வென்றது நேரே இறுதிக்குச் செல்லும். தோற்றது வீட்டுக்குச் செல்லாது, மற்றுமோர் ஆட்டம் பெறும். மூன்றாம் நான்காம் இடத்தாருக்கோ தோல்வி வந்தால் அதுவே முடிவு. உழைத்தவனுக்கு உழைப்பின் பயன் சிறிதாவது கிடைக்கும் ஏற்பாடு இது. அந்த இரண்டாவது வாய்ப்பினால் பயன்பெற்றதும் நமது அணியே. 2021இலும் 2024இலும் ஜஃப்னா கிங்ஸ் அந்த முதல் ஆட்டத்தில் தோற்று, மறு ஆட்டத்தில் எழுந்து, இறுதியில் கிண்ணம் வென்றது.

வாசல் எவ்வளவு அகலமாயிருக்க வேண்டும் என்பது சிறிய விடயமன்று. 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை எண்ணிப் பாருங்கள். அப்பொழுது நாம் பள்ளி மாணவர். மின்சாரமில்லாத காலம். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வானொலிக்கு உயிர் கொடுத்து வர்ணனை கேட்டோம். அவ்வாண்டு ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்ததன் பின்னர், அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வந்து ஆட மறுத்தன. ஆடாமலே இலங்கைக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. ஆனால் மறுத்த இரு அணிகளுக்கும் அதனால் பெருந்தீங்கு நேரவில்லை. ஆறு அணிகள் கொண்ட குழுவிலிருந்து நான்கு அணிகள் காலிறுதிக்குச் செல்லலாம் என்று விதி இருந்தது. வாசல் அத்துணை அகலமாயிருந்தமையால் இரண்டும் உள்ளே நுழைந்தன; அவுஸ்திரேலியா இறுதியாட்டம் வரை வந்து மார்ச் 17இல் லாகூரில் இலங்கையிடம் தோற்றது.

2003இலும் இத்தகைய மறுப்புகள் நேர்ந்தன. இங்கிலாந்து சிம்பாப்வேயின் ஹராரேக்கும், நியூசிலாந்து கென்யாவின் நைரோபிக்கும் செல்ல மறுத்தன. இம்முறை ஏழு அணிகளில் மூன்றே மேலே செல்லலாம். இங்கிலாந்து வெளியேறியது, சிம்பாப்வே உள்ளே சென்றது. கென்யா அரையிறுதி வரை ஏறியது. மறுப்பு ஒன்றே, விலை வேறு. செல்லாமைக்கு அச்சம் காரணமா, அரசியல் காரணமா என்று உலகம் வாதிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அதன் விலையை நிர்ணயித்தது அட்டவணை எழுதியவரின் பேனாவே.

பேனாவின் வலிமையை மற்றோர் ஆட்டம் இன்னும் தெளிவாகக் காட்டிற்று. 1982ஆம் ஆண்டு உலக உதைபந்தாட்டப் போட்டியில் அல்ஜீரியா மேற்கு ஜேர்மனியையே வென்ற அணி. அது தன் கடைசி ஆட்டத்தை முடித்த மறுநாள், ஜூன் 25இல், ஸ்பெயினின் கிஹோன் நகரில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் சந்தித்தன. மேற்கு ஜேர்மனி ஒரு கோலால் வென்றால் இரு அணிகளும் மேலே செல்லலாம், அல்ஜீரியா வெளியேறும் என்பது இருவருக்கும் முன்னரே தெரிந்திருந்தது. தொடக்கத்தில் ஒரு கோல் விழுந்தது. அதன்பின் பந்தை இங்குமங்கும் தட்டிக்கொண்டு பொழுதைப் போக்கினர். ஒரு விதியும் மீறப்படவில்லை. அல்ஜீரியா வீடு திரும்பிற்று. 1986 முதல் ஒரு குழுவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடைபெறல் வேண்டும் என்று விதி செய்தார்கள்.

பிறர் குற்றத்தை இவ்வளவு விரிவாகக் கூறிய நாம் நமது குற்றத்தை மறைத்தல் முறையன்று. பத்தாண்டுகளுக்கு முன் நம் அயலில் மின்னொளியிற் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்று ஒழுங்கு செய்தார்கள். "மாஸ்டருக்குக் கணக்குத் தெரியும்" என்று கூறி, ஆட்ட அட்டவணை எழுதும் பணியை நம்மிடம் ஒப்படைத்தார்கள். தீவுப்பகுதியிலிருந்து வந்த அணியொன்று நம் ஊர் அணியிருந்த குழுவிலேயே இருந்தது. அவர்கள் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமே என்ற இரக்கத்தால், அவர்களின் எஞ்சிய இரு ஆட்டங்களையும் பிற்பகல் மூன்று மணிக்கும், அரை மணி ஓய்வுக்குப் பின்னும் வைத்தோம். உபகாரம் செய்ததாகவே எண்ணினோம்.

சித்திரை வெயில், கொதிக்கும் மணல். முதலாட்டத்தை மூன்று செற் ஆடி வென்றார்கள். இரண்டாவதில், காலில் உரமிழந்து மூன்றாவது செற்றில் தோற்றார்கள். நம் ஊர் அணிக்கோ அன்று ஒரே ஆட்டம். அதுவும் இரவு ஏழு மணிக்கு, குளிர்ந்த காற்றில், விளக்கொளியில். இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றால் செற் வித்தியாசத்தில் தீவுப்பகுதி அணியை முந்தலாம் என்பது அப்போது துல்லியமாகத் தெரிந்திருந்தது. எதிரணியோ முன்னரே இரு ஆட்டங்களில் தோற்று வெளியேறிவிட்ட அணி. வென்றாலென்ன, தோற்றாலென்ன என்ற நிலை. இரண்டுக்குப் பூச்சியம் என்றே முடிந்தது. ஊர் ஆரவாரித்தது.

தீவுப்பகுதி அணியினர் பேருந்தைத் தவறவிட்டு, முடிவு காண நின்றிருந்தார்கள். அவர்களின் தலைவர், இருபத்தைந்து வயது இளைஞர், பையைத் தோளிற் போட்டுக்கொண்டு நம்மிடம் வந்தார். சண்டைக்கு வருகின்றார் என்று எண்ணினோம். அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, தோத்தது எங்களுக்குப் பெரிசில்லை. அட்டவணை எழுதேக்கை எங்களையும் ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

அவ்வளவே. நாம் விடையிறுக்க வாயெடுத்தோம், விடை கிடைக்கவில்லை. வானொன்றைப் பிடித்து அவர்களை அனுப்பிவைத்தோம். அடுத்த ஆண்டு அழைப்பு அனுப்பினோம், வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. நாம் ஒருவரையும் ஏமாற்ற எண்ணவில்லை என்பது உண்மை. ஆனால் ஊர் அணியின் ஆட்டத்தை இரவில் வைத்தது கூட்டம் சேரும் என்பதற்காகவும் அன்றோ? இரக்கம் என்று நாம் பெயரிட்டதற்குள் நமது வசதியும் ஒளிந்திருந்தது.

விளையாட்டில் இதனை இத்துணை பெரிதுபடுத்தலாமா என்று சிலர் வினவக்கூடும். 'தகுதி' என்ற சொல்லும் 'வெட்டுப்புள்ளி' என்ற சொல்லும் யாழ்ப்பாணத்து வீடுகளில் விளையாட்டுச் சொற்களல்ல. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்தபோது, முதலில் மொழிவாரியாகவும் பின்னர் மாவட்டவாரியாகவும் அளவுகோல் மாறிற்று. மாவட்ட ஒதுக்கீட்டினால் வசதி குன்றிய மாவட்டங்களின் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகளும் உட்பட, கல்வி பெற்றனர் என்பதை ஓர் ஆசிரியர் மறுத்தல் தகாது. ஆயினும் அன்று விழுந்த வடு இன்றும் ஆறாதிருப்பதற்கு இழந்த இடங்கள் மட்டுமா காரணம்? அளவுகோலை வெட்டும்போது நம்மைக் கேட்கவில்லையே என்ற எண்ணமும் காரணமன்றோ? அந்த வடுவைச் சுமந்த ஊரில் பிறந்த நாமே, ஒரு சிறு கரப்பந்தாட்டத்தில் அதனை வேறொருவர்க்குச் செய்தோம்.

நம் பாட்டியார் எழுத்தறியாதவர். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றே இருக்கும். பேரப்பிள்ளைகள் ஐவர் இருப்போம். கத்தியை நம்மில் ஒருவர் கையிற் கொடுத்துவிட்டு, "வெட்டிறவர் கடைசியா எடுக்க வேணும்" என்பார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வெட்டும் நிதானத்தைப் பார்க்க வேண்டுமே! பொற்கொல்லரும் அவ்வாறு அளந்திருக்கமாட்டார். எந்தத் துண்டு தனக்கு வரும் என்று அறியாதவர் எல்லாத் துண்டையும் சமமாகவே வெட்டுவார். போட்டி அட்டவணை எழுதுவோர்க்கு இதனினும் சிறந்த விதி உண்டா?

ஆகையால் மருமகனுக்கு நாம் அளிக்கும் தீர்ப்பு இது. புளோரிடா தோற்றது கோணலான ஒரு விதியால். ஆயினும் விதி முன்கூட்டியே எல்லோருக்கும் அறிவிக்கப்பட்டிருந்ததாதலின் அந்த அணிக்கு அநீதி நேர்ந்ததென நாம் கூறமாட்டோம். விதியைத் திருத்தக் கேட்கலாம்; கிண்ணத்தைத் திருப்பிக் கேட்கலாகாது. ஆனால் உன் நண்பர் நியூ ஜேர்சிப் பக்கத்தவராயின், அவரிடம் ஒன்று கேள்: அந்த ஒரு புள்ளி மறுபக்கம் விழுந்திருந்தால், அதே விதியை இன்றும் புகழ்வாரா? நீயும் உன்னையே அதனைக் கேட்டுக்கொள். நம் இல்லாள் நம்மைக் கேட்டதும் அதுவே.

வருகின்ற சித்திரையில் அச்சுற்றுப்போட்டி மீண்டும் நடைபெறவிருக்கின்றது. இம்முறை அணித்தலைவர்கள் அனைவரும் சனசமூக நிலையத்திற் கூடி, அவர்கள் கண்முன்னே திருவுளச்சீட்டு எடுக்கப்படும். புள்ளிகள் சமமானால் என்ன செய்வது என்பது அழைப்பிதழிலேயே அச்சிடப்படும். கடைசி ஆட்டங்கள் இரண்டும் இரு மைதானங்களில் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒரு நாளில் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்துக்கு மேல் இல்லை. தூரத்து அணிகளுக்கு இராத்தங்க இடமும் சாப்பாடும் ஊரவர் பொறுப்பு.

தீவுப்பகுதி அணிக்கும் கடிதம் எழுதினோம். ஆட்ட நாட்களும் நேரங்களும் நிரப்பப்படாத வெற்று அட்டவணை ஒன்றை அதனுடன் இணைத்து, தங்களுக்கு வாய்ப்பான நேரங்களை முதலில் அவர்களே குறித்து அனுப்புமாறு கேட்டிருக்கின்றோம். நேற்றுத்தான் தபாலில் சேர்த்தோம். பதில் வந்தால் வாசகர்களுக்கு அறிவிப்போம்.